சிவப்புக்குத் தனி வாளி

என் மகளுக்கு நிறம் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னவர் அவளுடைய பெரியம்மா. அவர் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அந்தத் தீர்ப்பை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இல்லை.

எங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு விடுதியின் துணிகளை வாங்கி வந்து வீட்டிலேயே துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுப்பது என் தொழில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, அங்கே தங்குகிறவர்களின் சட்டை, காலுறை எல்லாம் வரும். என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் ஊரார் பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் இறக்கிவிடுவாள், சாயங்காலம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாள். எங்கள் பிள்ளை மட்டும் நாள் முழுக்க என்னோடு. ஐந்து வயது இன்னும் நிறையவில்லை. ஆள் சின்னது, வாய் பெரியது. வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர்.

நாங்கள் இருப்பது மாடிக் குடியிருப்பின் கடைசித் தளம். முன்னறையில் சலவை இயந்திரமும் இஸ்திரி மேஜையும் அழுக்கு மூட்டைகளும் குடியிருக்கின்றன. அவை பெரிய மனது வைத்து விட்டுக்கொடுத்த இடத்தில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். ஆம்பளை வீட்டில் துணி துவைக்கிறான், பொம்பளை வண்டி ஓட்டுகிறாள் என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டதெல்லாம் ஓய்ந்துபோன கதை. அடித்துக்கொண்டது அவர்கள் தலை, எனக்கென்ன வலி.

ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் இன்னொரு கையில் பிள்ளையுமாக யாராலும் வேலை பார்க்க முடியாது. அதனால் துணியையே அவளுக்கு விளையாட்டாக்கிவிட்டேன். இதை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் என் கண் முன்னால் இருக்க வேண்டும், சூடான பெட்டியின் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான் என் திட்டம்.

காலுறைகளைக் கும்பலாகக் கொட்டி, "எல்லாருக்கும் ஜோடி பாத்துக் கல்யாணம் பண்ணி வை" என்பேன். நீளம், கரை, ஓட்டை என்று ஒவ்வொன்றாகப் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்ப்பாள். ஒன்று தனியாக மிஞ்சிவிட்டால், "மாப்பிள்ளை ஓடிப்போயிட்டான்ப்பா" என்று கவலையோடு வந்து சொல்வாள். மாடியில் கொடிக்குக் கிளிப் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். ஒரு மரக் கிளிப், இரண்டு பிளாஸ்டிக் கிளிப், மறுபடி ஒரு மரக் கிளிப் என்று வரிசை வைத்திருந்தோம். நான் வேண்டுமென்றே மாற்றிப் போட்டால் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கிற மாதிரி "தப்பு!" என்று கத்துவாள். அந்தக் கிளிப்புகளை அழுத்தி அழுத்தி அவள் விரல்களுக்கு வந்த பலம், ஊறுகாய் பாட்டில் மூடியையே திறந்துவிடும்.

தலையணை உறைக்குள் எதையாவது ஒளித்து வைத்து, பார்க்காமல் கைவிட்டுத் தடவி என்னவென்று சொல்ல வேண்டும். இது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. கரண்டி, பூட்டு, சீப்பு என்று நான் மரியாதையாக வைப்பேன். அவள் முறை வந்தால் ஈரப் பஞ்சையோ நசுங்கிய வாழைப்பழத்தையோ வைத்துவிட்டு, நான் அலறுவதற்காகக் காத்திருப்பாள். நெட்டைக் குவளை, குட்டைக் குவளை இரண்டில் எது அதிகத் தண்ணீர் பிடிக்கும் என்று எங்களுக்குள் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். ஒன்றிலிருந்து ஒன்றில் ஊற்றிப் பார்த்து, தரையெல்லாம் குளமானபிறகு அவள் ஜெயிப்பாள்.

அழுக்கு மூட்டையைப் பிரிப்பதும் ஒரு விளையாட்டுதான். வெள்ளை ஒரு குவியல், மற்ற நிறமெல்லாம் ஒரு குவியல், சிவப்புக்கு மட்டும் தனி வாளி. "சிவப்பு சாயம் விடும். அதை யாரோடயும் சேர்க்கக் கூடாது" என்று சொல்லி வைத்திருந்தேன். பழுப்பா சிவப்பா என்று எனக்கே சந்தேகம் வரும் துணியைக்கூட அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து முடிவு சொல்வாள்.

பென்சிலை மட்டும் தொட மாட்டாள். கையில் கொடுத்தால் கடிக்கிற பூச்சியைத் தட்டிவிடுகிற மாதிரி தட்டிவிடுவாள். ஓர் எழுத்து எழுதியதில்லை. அடுத்த வருடம் முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். என் மனைவி வேன் ஓட்டும் பள்ளியில், பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லிப் பார்த்துத்தான் இடம் தருவார்கள். "என் வண்டில வர்ற வாண்டுங்க எல்லாம் கடை போர்டைப் படிச்சுக்கிட்டே வருதுங்க. நம்மளது மட்டும் பின்தங்கிடுமோன்னு பயமா இருக்குங்க" என்று அடிக்கடி சொல்வாள். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவள் அதை அக்காவின் காதில் போட்டு வைத்திருந்தாள் என்பது பெரியம்மா வந்தபோதுதான் தெரிந்தது.

பெரியம்மா என் மனைவியின் ஒரே அக்கா. தாயில்லாத வீட்டில் தங்கையை வளர்த்து ஆளாக்கியவர். பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் சின்னதாக ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறார். என் மனைவிக்கு அக்கா சொன்னால் சொன்னதுதான். என் கல்யாணமே அவர் தலையாட்டியதால் நடந்தது. அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் நன்றிக்கும் ஓர் அளவு உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பையோடு வந்தார். பையிலிருந்து கோடு போட்ட நோட்டு, தடித்த பென்சில், எழுத்து அட்டைகள் எல்லாம் வெளியே வந்தன. பொடிசு எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியாக, உள்ளே விதை வைத்துத் தைத்த சின்னச் சின்னத் துணி மூட்டைகள் வந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை. அப்போதுதான் எங்கள் வீட்டுச் சின்ன அம்மணிக்குக் கண் விரிந்தது.

"எதெது ஒண்ணா இருக்கணுமோ அதெல்லாம் ஒண்ணா சேத்து வை, பாக்கலாம்" என்றார் பெரியம்மா.

பொடிசு சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வெள்ளையை எல்லாம் பொறுக்கி ஒரு பக்கம் குவித்தாள். பச்சை, மஞ்சள், நீலம் மூன்றையும் ஒன்றாகக் கலந்து இன்னொரு பக்கம் குவித்தாள். சிவப்பை எல்லாம் பாவாடையில் வாரிக்கொண்டு எழுந்து குளியலறைக்குப் போனாள். வாளிக்குள் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, வேலை முடிந்த தோரணையில் கையைத் தட்டிக்கொண்டாள்.

பெரியம்மா தங்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நிறமே தெரியலைடி இவளுக்கு."

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அடக்கியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது என் ஜாதகத்திலேயே இல்லை. "அக்கா, அவ உங்களுக்குச் சலவைக்குப் பிரிச்சுக் குடுத்திருக்கா. சிவப்பு சாயம் விடும், அதான் தனி வாளி. இவளுக்கா நிறம் தெரியாது?" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பெரியம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அந்தக் குவியல்களின் பக்கம் கையைக் காட்டினார்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க, தம்பி. எதுக்குப் பழக்கியிருக்கீங்கன்னு யோசிச்சீங்களா? நீங்க விளையாட்டுன்னு சொல்றீங்க. எனக்கு என்னமோ, உங்க வேலைக்கு ஆள் தயார் பண்ற மாதிரிதான் தெரியுது. நாளைக்கு இவளும் ஊரார் துணியைப் பிரிச்சுக்கிட்டு உக்காரணுமா?"

சுருக்கென்றது. என் தொழிலில் எனக்கு வெட்கம் இல்லை. கறை படிந்து வந்ததைப் பளிச்சென்று திருப்பிக் கொடுக்கிறவன் நான். ஆனால் மகளுடைய தொழிலையும் நானே முடிவு செய்துவிட்டேனோ என்ற கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க" என்றார் பெரியம்மா. "என் பள்ளிக்கூடத்துல, என் பக்கத்துல உக்கார வெச்சு எழுத வெச்சுக் காட்டறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். துணிமணி எடுத்து வை."

கடைசி வார்த்தை என் மனைவிக்கு. அவள் "சரிக்கா" என்றாள்.

பெரியம்மா படியிறங்கியதும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னைக் கேக்காம எப்படி சரின்ன?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? அதான் தெரியுமே." அவள் வேன் சாவியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தாள். "அக்கா சொல்றது தப்பில்லைங்க. நானும் அவகிட்டதான் எழுதக் கத்துக்கிட்டேன். இடம் கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க? ஊர்ல எல்லாப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டுட்டு, என் பிள்ளையை மட்டும் வீட்லயே வெச்சுக்கணுமா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அழுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? ஒரு வருடம். என் இஸ்திரி மேஜைக்கு அடியில் பொடிசின் கால் தெரியாமல் ஒரு வருடம் நான் எப்படி வேலை பார்ப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆம்பளை அழுகிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாளே நான் சபதம் எடுத்தேன். வேலைக்கு ஆள் பழக்குகிறேனா? சரி, இந்த வாரம் என் பிள்ளை ஒரு காலுறையைக்கூடத் தொட மாட்டாள். வேறு விளையாட்டே எனக்குத் தெரியாதா என்ன.

பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றையும் ஒரு டப்பா தண்ணீரையும் கொடுத்து மொட்டை மாடிச் சுவரில் வரையச் சொன்னேன். பொடிசுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரைச் சுற்றி ஒரே கோடாக இழுத்துக்கொண்டு ஓடினாள். வெயில் பட்ட பக்கம் கோடு சீக்கிரம் காய்ந்து மறைந்தது, நிழலில் அப்படியே நின்றது. "அங்க மட்டும் ஏன் போகலை?" என்று அவள் இங்கும் அங்கும் ஓடி ஓடிப் பார்த்தாள். அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். எனக்குள் பெரியம்மா புகுந்துகொண்டார். பிரஷ்ஷை வாங்கிச் சுவரில் பெரிதாக ஓர் 'அ' போட்டேன்.

"இது என்ன, சொல்லு?"

"யானை உக்காந்திருக்கு."

"யானை இல்லை. 'அ'. எழுது பாக்கலாம்."

"என் யானை நிக்கும்" என்று அவள் நாலு கோடு இழுத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துச் சுழிக்க வைத்தேன். அவள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். மறுபடி பிடித்தேன். பிரஷ்ஷை விட்டெறிந்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் இதே கூத்துதான். சேமியா பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டி எழுத்து வடிவில் அடுக்கச் சொன்னேன். அவள் கூடு கட்டினாள். ஆக, பெரியம்மா கூட்டிக்கொண்டு போகும்வரைகூடப் பொறுக்காமல், அவருடைய பள்ளிக்கூடத்தை நானே என் வீட்டில் திறந்துவிட்டேன். அதுவும் கெட்ட வாத்தியாரை வேலைக்கு வைத்துக்கொண்டு.

"எனக்குத் துணி வேணும்" என்று அவள் நச்சரித்தாள். நான் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை. விடுதியின் தலையணை உறைகள் மொத்தமும் வெள்ளை வெளேரென்று இயந்திரத்துக்குள் இருந்தன. சோப்புத்தூள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, முன்பே துவைத்திருந்த விரிப்புகளைக் கொடியில் போட மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை ஓட விடவே இல்லை. பொடிசு அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சினிமா பார்ப்பது போல் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நுரை ரோஸ் நிறத்தில் சுழன்றது. நுரைக்கு நடுவில், சிவப்பு வாளியிலிருந்து போன யாரோ ஒருவரின் சட்டை கையை ஆட்டிக்கொண்டே சுற்றியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடியது. இயந்திரத்தை நிறுத்தினேன், தண்ணீரை வடித்தேன், உறைகளை வெளியே இழுத்துப் போட்டேன். அத்தனையும் ரோஸ். "என்ன வேலைடி இது!" என்று ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. நான் இதுவரை அவளை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருப்பேன்.

அவள் அழவில்லை. ஓங்கிய கையைப் பார்த்தாள், பிறகு உறைகளைப் பார்த்தாள்.

"நீதானே சொன்ன, சிவப்பு சாயம் விடும்னு."

"ஆமா, அதனாலதானே சேர்க்காதேன்னு சொன்னேன்!"

"நெஜமாவே விடுதான்னு பாத்தேன்." உறை ஒன்றைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "விட்டுச்சு. ஆனா கொஞ்சூண்டுதான்." பிறகு நனைந்த சட்டையைக் காலால் தொட்டுக் காட்டினாள். "இது இன்னும் சிவப்பாவே இருக்கு. அப்ப இதுல எங்க கொறைஞ்சுதுப்பா?"

என் கை தானாகக் கீழே இறங்கியது. பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சிவப்பைத் தனியாகப் போடு என்று எனக்கு யாரோ சொன்னார்கள், போட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இதை நான் கேட்டதில்லை. வேலைக்குப் பழக்கப்பட்டவள் என்றால் சொன்னபடி செய்துவிட்டுப் போயிருப்பாள். இவள் என் சொல்லையே எடுத்து இயந்திரத்துக்குள் போட்டுப் பார்த்திருக்கிறாள். பெரியம்மா கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிற்றெரிச்சலும் கூடவே இருந்தது; ரோஸ் உறைகள் காலடியில் கிடந்தனவே.

"தெரியலை" என்றேன். "வா, பாக்கலாம்."

அன்று பகல் முழுக்க இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடந்தது. குவளைகளில் குளிர்ந்த தண்ணீர், வெதுவெதுப்பான தண்ணீர், சோப்புத் தண்ணீர் என்று வைத்து, சட்டையின் கைப்பகுதி, கழுத்துப்பட்டி, ஓரம் என்று ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்பான தண்ணீரில்தான் சாயம் அதிகம் இறங்கியது. "குளுந்த தண்ணில அது தூங்குது" என்று அவள் காரணம் சொன்னாள். சட்டையின் உள்பக்கத் தையலில் மடிந்திருந்த துணி மட்டும் இன்னும் அடர்த்தியாக இருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். "அப்பா, இங்க பாரு, உள்ள போகலை! வெளியதான் கொறைஞ்சிருக்கு!" என்று அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

விடுதி மேனேஜரைக் கூப்பிட்டு, "உங்க தலையணை உறை எல்லாம் ரோஸ் கலர் ஆயிடுச்சு சார்" என்றேன்.

"எப்படிய்யா?"

"வீட்ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு."

அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. புது உறைகள் என் பொறுப்பு, இன்னொரு முறை நடந்தால் வேறு ஆள் என்றார். சரி என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் என் மனைவி வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "எங்க கொறைஞ்சுதுன்னு கேட்டாளா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். "ஆமா" என்றேன். மாடிக்குப் போய் ரோஸ் உறைகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். ஆனால் சனிக்கிழமை பொடிசின் துணிகளைப் பையில் அடுக்கவும் செய்தாள். "நான் அனுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். "அக்கா வரட்டும்" என்றாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவள் பக்கமே திரும்பாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தார். தெருவிலிருந்தே கொடியில் தொங்கிய ரோஸ் உறைகளைப் பார்த்துவிட்டிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா தம்பி? சொன்ன பேச்சு கேக்கற பழக்கமே இல்லை. இதைத்தான் சொல்றேன். பிள்ளைன்னா ஒரு கட்டுப்பாடு வேணும்." பிறகு பொடிசைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கையில் பாசம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். "பெரியம்மாகூட வர்றியாடா தங்கம்? அங்க உன்னை மாதிரி நிறையப் பிள்ளைங்க இருக்காங்க."

"அங்க வாளி இருக்கா?"

"வாளி எதுக்கு? ஸ்லேட்டு இருக்கு, அழகழகா பென்சில் இருக்கு."

"அப்ப நீ போயிட்டு வா" என்றாள் பொடிசு.

நான் எழுந்து நின்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்து, இருப்பது மட்டும் வாயில் வந்தது. "அக்கா, அவ வர மாட்டா. நீங்க கேட்ட கேள்வி சரியான கேள்விதான், ராத்திரி எல்லாம் என்னைத் தூங்க விடலை. ஆனா இப்ப எனக்குப் பதில் தெரியும். நான் இவளை வேலைக்குப் பழக்கலை. பழக்கியிருந்தா அந்த உறை எல்லாம் வெள்ளையா இருந்திருக்கும். எழுத்து இன்னிக்கு வரலைன்னா நாளைக்கு வரும். வரலைன்னா வேற பள்ளிக்கூடம் தேடுவேன். தெருத் தெருவா அலைவேன். ஆனா அவ இங்கதான் இருப்பா, என் மேஜைக்குக் கீழ."

பெரியம்மாவின் முகம் இறுகியது. என்னோடு பேசிப் பயனில்லை என்பது போல் தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடி. பையை எடு."

என் மனைவி பையை எடுத்தாள். அவள் அதைக் கட்டில்மேல் வைத்தாள். ஜிப்பைத் திறந்தாள். அடுக்கி வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?"

"அக்கா, எனக்கு மூணு வயசுலயே எழுத வந்துடுச்சு. நீ உக்கார வெச்சு எழுத வெச்ச. என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், எல்லாரும் சொல்வாங்க." அவள் துணிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ சொன்ன படிப்பு படிச்சேன். நீ சொன்ன பரிட்சை எல்லாம் எழுதினேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேக்கலாம்னுகூடத் தெரியாது. அன்னிக்கு நீ துணிமணி எடுத்து வைன்னதும், வேண்டாம்க்கான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பவும் சரிக்கான்னுதான் சொன்னேன். எனக்கு எழுத வந்தது மூணு வயசுல. ஏன்னு கேக்க வந்தது இன்னிக்குத்தான்."

பெரியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். குரல் கம்மிப் போயிருந்தது. "அப்ப நான் உனக்குக் கெட்டது பண்ணிட்டேன்கறியா?"

"ஐயோ, இல்லக்கா. நல்லதுதான் பண்ணின. நீ இல்லைன்னா நான் எங்கயோ போயிருப்பேன்." என் மனைவி அக்காவின் காலடியில் உட்கார்ந்து அவர் மடியில் கை வைத்தாள். அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "ஆனா இவளுக்கு வேண்டாம்."

பெரியம்மா தங்கையின் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். டீ வைக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார்.

"நாளைக்கு இவ பள்ளிக்கூடத்துல தடுமாறினா, அக்கா அக்கான்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"வருவோம்" என்றாள் என் மனைவி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "வேற யார்கிட்ட போவோம்? வந்து நிப்போம், திட்டு வாங்குவோம், சொல்லிக் குடுன்னு கேப்போம். ஆனா பிள்ளையை அனுப்ப மாட்டோம்."

பெரியம்மா இறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் கீழ்த்தளம் போய்ச் சேரும்வரை என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு வேன் சாவியை எடுத்துக்கொண்டு, பஸ் நிலையம் வரைக்கும் அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று பின்னாலேயே ஓடினாள்.